நாணல் தண்டுக்குள் இரண்டு ஆண்டுகள்: அரிய சதுப்பு நில அந்துப்பூச்சி ஒன்றை அடையாளம் காண்பது எப்படி?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையர் பகுதியிலுள்ள விக்கன் ஃபென் சதுப்பு நிலத்தில், ஜூன் மாதக் கடைசியில் புழுக்கமான ஓர் இரவு முழுவதும் விளக்குப் பொறியை எரியவிட்டு, விடியற்காலையில் அதன் மூடியைத் திறந்து, பூச்சிகள் ஒண்டிக்கொள்வதற்காக உள்ளே அடுக்கி வைத்த முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பவர், ஏதோ ஒரு காய்ந்த நாணல் துண்டு தவறி உள்ளே விழுந்திருக்கிறது என்று எண்ணி அதை எடுத்து எறியப் போகக்கூடும். அந்தத் துண்டுக்கு ஆறு கால்கள் இருப்பதைக் கவனித்தால் கை நின்றுவிடும். ஆங்கிலத்தில் 'ரீட் லெப்பர்டு' என்றும், அறிவியல் பெயராகப் 'பிராக்மட்டீசியா காஸ்டனியே' என்றும் அழைக்கப்படும் அந்துப்பூச்சி அது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லாததால், இந்தக் கட்டுரை முழுவதும் இதை 'நாணல் சிறுத்தை' என்றே குறிப்பிடுகிறேன்.

சிறுத்தை என்றதும் பளிச்சென்ற புள்ளிகளை எதிர்பார்க்க வேண்டாம். புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் மங்கலாக இருக்கின்றன. சில பூச்சிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். இதன் நெருங்கிய உறவான 'லெப்பர்டு' அந்துப்பூச்சி வெள்ளைச் சிறகில் கருநீலப் புள்ளிகள் தெறித்தாற்போல இருக்கும். சிறுத்தை என்ற பெயர் அதற்குத்தான் உண்மையில் பொருந்தும். அறிவியல் பெயரிலும் பாதி பொருத்தம், பாதி குழப்பம். 'பிராக்மட்டீசியா' என்பது 'பிராக்மைட்டிஸ்' என்ற நாணலின் பெயரையும் வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்தது. 'நாணலில் குடியிருப்பது' என்று கொள்ளலாம். 'காஸ்டனியே' என்பதோ கஷ்கொட்டை மரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். இந்தப் பூச்சிக்கும் அந்த மரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒருமுறை முறைப்படி வைத்த பெயரை, பொருந்தவில்லை என்பதற்காக மாற்றக்கூடாது என்பது உயிரினப் பெயரிடலின் விதி. அதனால் 1790ஆம் ஆண்டில் பூச்சியியலாளர் ஹியூப்னர் வைத்த அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்பூச்சி காசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் புழுக்கள் இலைகளை மேய்வதில்லை. மரத்தையோ தண்டையோ துளைத்து உள்ளே புகுந்து வாழ்கின்றன. நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் காப்பி, தேயிலைச் செடிகளின் தண்டைக் குடையும் சிவப்புத் துளைப்பான் புழுவை அறிந்தவர்கள், அதுவும் இக்குடும்பத்துப் பூச்சியே என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அது மரத்தண்டைத் தேர்ந்தெடுத்தது. நாணல் சிறுத்தை தண்ணீரில் நிற்கும் புல்லைத் தேர்ந்தெடுத்தது.

இங்கே நாணல் என்று சொல்வது ஆற்று மணலில் வெண்ணிறப் பூக்கதிரோடு அசையும் நாணலை அன்று. நம் ஊர் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால்களிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மூங்கிலைப் போலக் கணுக்கணுவாக நிற்கும் கொறுக்கையைத்தான் குறிக்கிறேன். உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கும் புல் அது. தண்டு உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு தடுப்பு இருக்கும். வேர்க்கிழங்கு சேற்றுக்கு அடியில் கிடந்து ஆண்டுதோறும் புதுத் தண்டுகளை மேலே அனுப்பும். இந்த அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் பூச்சியின் வடிவமும் வாழ்க்கையும் பாதி விளங்கிவிடும்.

முதலில் சிறகு எங்கே முடிகிறது என்று பாருங்கள்

அந்துப்பூச்சிகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நாணல் காட்டில் அது உதவாது. அங்கே வாழும் பூச்சிகளில் பெரும்பாலானவை வைக்கோல் நிறமும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுமாக, காய்ந்த நாணல் இலையின் சாயலிலேயே இருக்கின்றன. பறவையின் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்ற ஒரே தேவை வெவ்வேறு குடும்பத்துப் பூச்சிகளுக்கும் ஒரே நிற உடையைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே நிறத்தை ஒதுக்கிவிட்டு, அமர்ந்திருக்கும் பூச்சியின் சிறகு நுனிக்கும் வயிற்று நுனிக்கும் உள்ள தொலைவைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான அந்துப்பூச்சிகள் அமரும்போது சிறகுகள் உடலைக் கூரைபோல மூடிவிடும். வயிறு வெளியே தெரியாது, தெரிந்தாலும் சிறிதளவே தெரியும். நாணல் சிறுத்தையில் வயிறு சிறகைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். ஆணிலேயே இது நன்றாகத் தெரியும். பெண்ணில், அதிலும் கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து முட்டைகளைச் சுமந்திருக்கும் பெண்ணில், வேறொரு பெரிய பூச்சியின் உடலில் சின்னச் சிறகுகளைத் தவறுதலாகப் பொருத்திவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு வயிறு நீளும். சிறகுகள் ஒடுக்கமானவை, விரித்தால் ஆணில் 27 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கி, பெரிய பெண்ணில் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். அளவில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஆணையும் பெண்ணையும் முதன்முறை பார்ப்பவர் இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று குறித்துக்கொள்வதில் வியப்பில்லை.

அடுத்து உணர்கொம்பு. ஆணின் உணர்கொம்பில், தலையை ஒட்டிய பாதி இருபுறமும் சீப்புப் பல் போல விரிந்திருக்கும். நுனிப் பாதி மெலிந்து செல்லும். இருட்டில் பெண் வெளியிடும் மணத்தைப் பிடிக்க ஆணுக்குப் பரப்பு தேவைப்படுகிறது. அதற்கான அமைப்பே இது. அதன் பிறகுதான் புள்ளிகளுக்கு வர வேண்டும். சிறகின் நரம்புகளுக்கு இடையே சிறு சிறு கரும்புள்ளிகள் வரிசையாகத் தூவியிருக்கும். விளக்கொளியை நேராகப் பாய்ச்சிப் படம் எடுத்தால் இப்புள்ளிகள் வெளுத்துப்போகும்; நிழலான பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து எடுப்பதே நல்லது.

எவற்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்? முதலாவது, 'வெயின்ஸ்காட்' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட வைக்கோல் நிறப் பூச்சிகள். வெயின்ஸ்காட் என்றால் வீட்டுச் சுவரில் அடிக்கும் மரப்பலகை. பழைய காலத்துச் சேகரிப்பாளர்கள் கம்பளம், சேவகன், மரப்பலகை என்று தங்கள் வீட்டில் கண்ணில் பட்டவற்றையெல்லாம் பூச்சிகளுக்குப் பெயராக வைத்தார்கள். இவற்றில் பல, நாணலிலோ சம்பங்கோரையிலோ தண்டைக் குடைந்து வாழ்பவையே. ஆனால் இவற்றின் சிறகுகள் அகன்றவை. வயிற்றை ஏறக்குறைய மூடிவிடும். காலமும் உதவிக்கு வரும்: நாணல் சிறுத்தை பறப்பது ஜூன், ஜூலை மாதங்களில், பெரிய வெயின்ஸ்காட் போன்றவை ஆகஸ்டுக்குப் பிறகே வருகின்றன.

இரண்டாவது குழப்பம் எனக்குச் சற்று நெருக்கமானது, ஏனென்றால் அதன் உறவினர் நம் கரும்புத் தோட்டத்திலேயே இருக்கிறார். கைலோ பிராக்மிட்டெல்லா என்ற பூச்சியும் அதே நாணலில், அதே மாதங்களில், அதே நிறத்தில் பறக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் இளங்குருத்துப்புழு என்று சொல்வது இந்தக் கைலோ பேரினத்துப் பூச்சியின் புழுவைத்தான். இவ்வகைப் பூச்சிகளின் தலைக்கு முன்னால், வாயை ஒட்டிய உணர்விழைகள் இரண்டும் சேர்ந்து பறவை அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும். நாணல் சிறுத்தைக்கு அலகு கிடையாது. முகம் மழுங்கி, மயிரடர்ந்து இருக்கும். முன்னால் அலகு நீண்டிருந்தால் கைலோ, பின்னால் வயிறு நீண்டிருந்தால் நாணல் சிறுத்தை என்று கொண்டால், தொடக்கநிலையில் பெரும்பாலும் தவறு நேராது.

தண்டுக்குள் நடப்பது

சிறகு முளைத்த பூச்சியைப் பற்றி மட்டுமே பேசினால், இந்த உயிரின் வாழ்நாளில் ஒரு சிறு துணுக்கைப் பற்றிப் பேசியதாகத்தான் ஆகும். வளர்ந்த நாணல் சிறுத்தை உண்பதில்லை. இக்குடும்பத்துப் பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் பயன்படும் நிலையில் இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்து, துணையைத் தேடி, முட்டையிட்டு முடித்துக்கொள்கிறது. எஞ்சிய காலமெல்லாம் நாணலுக்குள்தான்.

பெண் நெடுந்தொலைவு பறப்பதில்லை. கனத்த வயிற்றோடு ஒரு நாணல் தண்டைப் பற்றிக்கொண்டு அமர்ந்து, மணத்தைக் காற்றில் விட்டு ஆணை வரவழைக்கிறது. விளக்குப் பொறிகளில் ஆண்களே மிகுதியாக விழுவதற்கும், பொறியில் கிடைத்த எண்ணிக்கையை வைத்து ஆண் பெண் விகிதத்தைக் கணக்கிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். புணர்ந்த பின், குழாய்போல் நீளும் முட்டையிடு உறுப்பைக் கொண்டு நாணலின் இடுக்குகளுக்குள் முட்டைகளைச் செருகி வைக்கிறது. வயிறு ஏன் அவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. தாயின் உடல், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய முட்டைகளுக்கு ஒரு பையாகவும் அவற்றை உள்ளே செலுத்தும் கருவியாகவும் அமைந்திருக்கிறது.

பொரித்த புழு தண்டைத் துளைத்து உள்ளே போகிறது. அதன் பிறகு வெளியே இருப்பவருக்குத் தெரிவது மிகக் குறைவு: ஒரு தண்டு மற்றவற்றைப் போல உயரவில்லை, அல்லது அதன் குருத்து வாடுகிறது, அவ்வளவே. அத்தகைய தண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்தால், வெற்றிடமாக இருக்க வேண்டிய கணுவறையில் ஈர மரத்தூள் போன்ற கழிவு அடைந்திருக்கும். கணுவின் தடுப்பு வட்டமாகக் குடையப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, தண்டின் அகலத்துக்கே அளவெடுத்துச் செய்தாற்போல நீண்ட உருளையாகப் புழு கிடக்கும். வெளிறிய மஞ்சள் உடல், முதுகின் இருபுறமும் ஊதா கலந்த பழுப்புக் கோடுகள் இரண்டு, பழுப்புத் தலை. நாணல் சிறுத்தை என்று ஐயமில்லாமல் சொல்ல அந்த இரட்டைக் கோடு பெரிதும் உதவுகிறது. ஆனால் பார்ப்பதற்காகத் தண்டைப் பிளப்பது அரிய இனம் வாழும் இடத்தில் செய்யக்கூடிய செயல் அன்று. அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் செய்யட்டும்.

புழு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்கி, நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் உள்ள தண்டடியில் வாழ்கிறது. நாணல் தண்டில் சத்து குறைவு. இங்கிலாந்தின் கோடை சிறியது. உடலோ பெரியதாக வளர வேண்டும். எனவே ஓராண்டு போதவில்லை. முதல் குளிர்காலத்தைச் சிறு புழுவாகவும், இரண்டாம் குளிர்காலத்தை ஏறக்குறைய முழுவளர்ச்சி அடைந்த புழுவாகவும் கழிக்கிறது. மேலே நாணல் பழுத்து, காய்ந்து, பனியில் உறைந்து, மீண்டும் தளிர்ப்பது இருமுறை நடக்கும்வரை அது உள்ளேயே இருக்கிறது. ஒரு சதுப்பு நிலத்தில் எந்த நாளில் எண்ணினாலும் வெவ்வேறு வயதுடைய இரண்டு தலைமுறைகள் அருகருகே தண்டுகளுக்குள் இருக்கும் என்பதும் இதனால் விளைவதே.

மூன்றாம் ஆண்டின் வசந்தத்தில், தண்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. கூட்டுப்புழு என்றால் அசையாமல் கிடப்பது என்று பள்ளியில் படித்திருப்போம். இது அப்படியல்ல. வயிற்று வளையங்களில் உள்ள சிறு முட்களை ஊன்றி, குழாய்க்குள் மேலும் கீழும் நகரக்கூடியது. பூச்சி வெளிவரும் நேரத்தில், புழு முன்கூட்டியே குடைந்து வைத்த துளை வழியாகக் கூடு பாதியளவு வெளியே நீட்டும். அதைப் பிளந்துகொண்டு பூச்சி வெளியேறும்.

அரியது என்றால் என்ன பொருள்?

பிரிட்டனில் சுமார் 2,500 அந்துப்பூச்சி இனங்கள் உள்ளன. ஓர் இனம் எவ்வளவு அரியது என்பதை அங்கே தலையை எண்ணி முடிவு செய்வதில்லை. நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, எத்தனை சதுரங்களில் அந்த இனம் காணப்படுகிறது என்று பார்க்கிறார்கள். 15 சதுரங்களுக்கு மேல் போகாதவை, அழியும் ஆபத்திலுள்ள இனங்களைப் பட்டியலிடும் சிவப்புத் தரவு நூல் வகையில் வைத்து எண்ணப்பட்டன. நாணல் சிறுத்தை அவ்வகையில் இடம்பெற்றது. விக்கன் ஃபென், அதற்கு அருகிலுள்ள சிப்பனம் ஃபென், நார்ஃபோக்கின் பிராட்ஸ் நீர்நிலைகள், தெற்கே டார்செட்டில் ஒரு பகுதி என்று அதன் இருப்பிடப் பட்டியல் விரல்விட்டு எண்ணக்கூடியது.

நாணல் பிரிட்டன் முழுவதும் வளர்கிறது. பூச்சி மட்டும் ஏன் இல்லை? இதற்கு மண்ணின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் நிலம் ஒரு காலத்தில் பரந்த சதுப்பாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்மூய்டன் கால்வாய்கள் வெட்டி அதை வடிக்கத் தொடங்கினார். பிறகு காற்றாலைகளும் நீராவி எந்திரங்களும் எஞ்சிய நீரை இறைத்தன. 1851இல் விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரி வற்றவைக்கப்பட்டது. அதே காலத்தில் அருகே ஹோம் ஃபென்னில் ஓர் இரும்புத் தூணை, அதன் உச்சி தரைமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி புதைத்தார்கள். நீர் போனதும், செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த மக்குநிலம் காய்ந்து சுருங்கியது; இன்று அத்தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தரை இறங்கிய அந்த அளவு, நாணலையும் அதற்குள் இருந்தவற்றையும் இழந்ததற்கான அளவுகோலும் ஆகும். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த சார்லஸ் டார்வின், ஃபென் நிலத்திலிருந்து நாணல் ஏற்றி வரும் படகுகளின் அடியில் சேரும் குப்பையைக் கூலிக்கு ஆள் வைத்து அள்ளச் செய்து, அதிலிருந்து மிக அரிய வண்டினங்களைப் பெற்றதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படகுக் குப்பையிலேயே அரியவை கிடைத்த நிலம் அது. 1899இல், நிலங்களை வாங்கிப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு விக்கன் ஃபென்னில் இரண்டு ஏக்கர் வாங்கியபோது, சுற்றிலும் பெரும்பகுதி உழவு நிலமாகிவிட்டிருந்தது.

இன்று எஞ்சியிருக்கும் நாணல் காட்டைத் தொடாமல் விட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியாகாது. வெட்டாமல் விட்ட நாணல் காட்டில் ஆண்டுதோறும் சருகு சேர்ந்து தரை உயர்கிறது. தரை உயர்ந்தால் காய்கிறது. காய்ந்த இடத்தில் வில்லோ மரங்கள் புகுந்துவிடுகின்றன. நார்ஃபோக்கில் கூரை வேய்வதற்காகக் குளிர்காலத்தில் நாணல் அறுப்பவர்கள், தங்களை அறியாமலே சதுப்பைச் சதுப்பாகக் காத்து வந்தவர்கள். எனினும் காடு முழுவதையும் ஒரே ஆண்டில் அறுத்தால், இரண்டு ஆண்டு தண்டில் இருக்க வேண்டிய உயிருக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும். ஒரு பகுதியை அறுத்து, மறு பகுதியைச் சில ஆண்டுகள் விட்டு, சுழற்சியாகச் செய்வதையே நான் நியாயமான நடுவழி என்று கருதுகிறேன். கூடவே நீர்மட்டமும் நிலையாக இருக்க வேண்டும்.

இத்தனை அக்கறையோடு காக்கப்படும் இதே பூச்சி, வடக்குச் சுமத்ராவின் கரும்புத் தோட்டங்களில் பெரும் பகை. அங்கே இதன் பெயர் 'ராட்சதத் துளைப்பான்'. கரும்பும் உயரமான, கணுவுள்ள புல்தானே. நாணலுக்குப் பழகிய புழுவுக்கு, சர்க்கரை நிரம்பிய தடித்த தண்டு விருந்தாக அமைந்துவிடுகிறது. அதைக் கட்டுப்படுத்த ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்ற ஒட்டுண்ணி ஈயை வளர்த்து விடுகிறார்கள். தமிழ்நாட்டில் இளங்குருத்துப்புழுவுக்கு எதிராக, சினையுற்ற பெண் ஈக்களை ஏக்கருக்கு 125 வீதம் விடும்படி பரிந்துரைக்கப்படுவதும் இதே ஈதான். ஆகவே 'அரிய இனம்' என்று எழுதும்போது எந்த நாட்டில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பார்த்ததைப் பதிவு செய்ய விரும்பினால் நாள், நேரம், இடம், அருகில் நாணல் எவ்வளவு இருந்தது என்பவற்றோடு, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாகப் படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் சிறகுக்கு அப்பால் நீளும் வயிறும், பக்கவாட்டுப் படத்தில் அலகில்லாத முகமும் தெரிந்தால் சரிபார்ப்பவரின் வேலை எளிதாகிவிடும். பிரிட்டனில் 2007இல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டம், இப்படித் தன்னார்வலர்கள் அனுப்பும் பதிவுகளால்தான் இயங்குகிறது. இரவு விழிக்க முடியாதவர்கள், ஜூலை மாதப் பகலில் சதுப்பின் மேல் போடப்பட்ட மரப்பலகைப் பாதையில் நடந்துகொண்டே, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் பழைய தண்டுகளைப் பார்த்து வரலாம். எங்காவது ஒரு தண்டில் சுத்தமான வட்டத் துளையும், அதிலிருந்து பாதி வெளியே நீட்டியபடி காற்றில் ஆடும் வெற்றுக் கூட்டின் பழுப்புத் தோலும் தென்பட்டால், அதைப் பிடுங்காமல் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.